கடலடியில் மூன்று பாட்டுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். போர்ப் படங்களைப் பற்றி நீங்கள் குன்னூரில் பேசியதன் பதிவைக் கேட்டேன். 1971 போர்க்கால நீர்மூழ்கிச் சண்டையைச் சொல்லும் ‘காஸி’யைப் “பாதி நல்ல படம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு நீலகிரியில் கொளப்பள்ளிப் பக்கம். கடலை நான் பார்த்ததே ராமேஸ்வரம் போனபோதுதான். ஆனாலும் அந்தப் படத்தில் சத்தம் காட்டாமல் காத்திருக்கும் இடங்கள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பலாப்பழ சீசனில் ராத்திரி யானை எஸ்டேட் லைன் வீட்டை ஒட்டி வந்து நிற்கும். லைட்டை அணைத்துவிட்டு, சின்னவளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது மூச்சு விடுவது சுவர் வழியாகக் கேட்கும். படம் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் எல்லாரும் தேசிய கீதம் பாடுகிற இடத்தில் வீட்டிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கடற்படையில் இருந்த என் மச்சான் மட்டும், “எல்லாம் கப்சா, இப்படி ஒரு சண்டையே நடக்கவில்லை” என்று சிரிக்கிறான். நடக்காததைக் காட்டியதால்தான் நீங்களும் பாதி என்றீர்களா? இதைவிட நல்ல நீர்மூழ்கிப் படம் இருந்தால் சொல்லுங்கள், பார்க்கிறேன். மலையில் உட்கார்ந்துகொண்டு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிக் கடிதம் எழுதுகிறேன் என்று வீட்டில் கேலி.

முருகேசன், கொளப்பள்ளி

அன்புள்ள முருகேசன்,

வீட்டில் கேலி செய்தால் ஒன்று சொல்லுங்கள். ‘நீலகிரி’ என்ற பெயரிலேயே நம் கடற்படையில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் அதைப் படையில் சேர்த்த அதே விழாவில்தான் ‘வாக்‌ஷீர்’ என்ற நீர்மூழ்கியையும் சேர்த்தார்கள். வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வருடா வருடம் கடற்படை அதிகாரிகள் படிக்க வருகிறார்கள், குன்னூர் மார்க்கெட்டில் அவர்களைப் பார்க்கலாம். நமக்கும் கடலுக்கும் அவ்வளவு தூரமில்லை.

உங்கள் யானைக்கு வருகிறேன். நீர்மூழ்கிப் படம் நம்மை எங்கே பிடிக்கிறது என்பது அதில் முழுசாக இருக்கிறது. நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. பெரிஸ்கோப்பை நீட்ட முடியாத ஆழத்துக்கு இறங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் குருடர்கள். காது மட்டும்தான் மிச்சம். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். நமக்கு எதிரியின் சத்தம் கேட்கிறது என்றால் அவனுக்கும் நம் சத்தம் கேட்கலாம். கையிலிருந்து ஒரு ஸ்பானர் நழுவி இரும்புத் தரையில் விழுந்தால் போச்சு. கண்ணை நம்பிப் பிழைக்கும் சினிமா, கண் தெரியாத மனிதர்களின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இயக்குநரின் கையில் இருப்பது நாலு முகம், ஒரு ஆழமானி முள், அப்புறம் சத்தம். இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் பரீட்சை.

‘காஸி’யின் முதல் பாதி இந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறுகிறது. சங்கல்ப் ரெட்டிக்கு அது முதல் படம் என்று நம்புவது கஷ்டம். கே கே மேனன் நடித்த கேப்டன் ரண்விஜய் சிங், போர் அறிவிப்புக்குக் காத்திருக்க மாட்டேன் என்கிறார். அவரைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்ட அர்ஜுன் (ராணா) உத்தரவு இல்லாமல் சுடக் கூடாது என்கிறார். நடுவில் அதுல் குல்கர்னியின் தேவராஜ், இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்ததால் வாயைத் திறக்க முடியாமல் நிற்கிறார். மூன்று பேரும் தோளோடு தோள் இடிக்கும் இடத்தில் சண்டை போட வேண்டும், கோபித்துக்கொண்டு போக வெளியே இடம் கிடையாது. மதியின் கேமரா இந்த நெருக்கத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்காக எப்போது வேண்டுமானாலும் படத்தைத் திரும்பப் பார்ப்பேன்.

கொஞ்சம் இடம் தாராளமாகத்தான் காட்டிவிட்டார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் ‘குர்சுரா’ என்ற பழைய நீர்மூழ்கியை 2002-லிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சோவியத் தயாரிப்பு, 91 மீட்டர் நீளம். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்ட ஓட்டைக்குள் ஒரு காலை விட்டு, குனிந்து, தலையை நுழைத்து, அப்புறம் மற்றக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் பாய்ந்து போகும் குண்டான டார்பிடோவை வைக்கும் இடத்தை ஒட்டியே படுக்கை. இதற்குள் எழுபத்தைந்து பேர் வாரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அதற்குள் போய் வந்தவர்களுக்கு ‘காஸி’யின் கப்பல் கல்யாண மண்டபம் மாதிரிதான் தெரியும். ஆனால் இதெல்லாம் சில்லறைக் குறை.

பெரிய குறை, இரண்டாம் பாதியில் படம் காதை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்துவிடுகிறது. கேமரா கடலுக்குள் போய் இரண்டு கப்பலையும் வெளியிலிருந்து காட்டுகிறது. பாகிஸ்தான் நீர்மூழ்கிக்குள்ளும் போய், அதன் கேப்டன் என்ன நினைக்கிறான், எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. யானை எந்த மூலையில் நிற்கிறது என்று ஒருவர் உங்கள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தால் சின்னவளின் வாயைப் பொத்துவீர்களா? போதாததற்குப் பின்னணி இசை. தனியாகக் கேட்டால் இசையமைப்பாளர் கே-யின் இசை நல்ல இசைதான். ஆனால் சோனார் (ஒலியை வைத்துக் கடலுக்குள் தேடும் கருவி) ஒலி ஒன்றே ஒன்றைக் கேட்டு நாம் நடுங்க வேண்டிய இடத்திலெல்லாம் முழு ஆர்க்கெஸ்ட்ரா முழங்குகிறது.

எதிரியைக் காட்டினால் படம் கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. 1957-ல் டிக் பவல் இயக்கிய ‘தி எனிமி பிலோ’ இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் காட்டும் படம்தான். மேலே அமெரிக்கப் போர்க்கப்பலில் ராபர்ட் மிச்சம், கீழே ஜெர்மன் நீர்மூழ்கியில் கர்ட் யூர்கன்ஸ். இரண்டு கேப்டன்களும் கெட்டிக்காரர்கள், போர் அலுத்துப் போனவர்கள். யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதென்றே நமக்குத் தெரியாமல் போகும், பதற்றம் அங்கேயிருந்து வருகிறது. ‘காஸி’யின் பாகிஸ்தான் கேப்டன் ரஸாக்குக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கவில்லை. பல்லைக் கடிக்கிறான், கத்துகிறான், ஏமாறுகிறான். ஏமாறுவதற்கென்றே எழுதப்பட்ட எதிரியைத் தோற்கடிப்பதில் என்ன பெருமை?

இனி நீங்கள் எழுந்து நின்ற இடம். இதில் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன்.

நீர்மூழ்கிக்குள் பாட்டுப் பாடும் காட்சி சினிமாவுக்குப் புதிதல்ல. ‘தி எனிமி பிலோ’விலேயே இருக்கிறது. மேலிருந்து குண்டு மேல் குண்டாக விழுகிறது, ஆட்கள் நிலைகுலையும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கேப்டன் ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டு எல்லாரையும் பாட வைக்கிறார். கடலடியில் சத்தம் போடக் கூடாது என்ற முதல் விதியையே மீறுகிறார். ஆள் உள்ளுக்குள் உடைந்துவிட்டால் கப்பல் உடையாமல் இருந்தும் பிரயோஜனமில்லை என்று கணக்குப் போட்டுச் செய்கிறார். அந்தப் பாட்டு அவர்களுடைய பயத்தைப் பார்த்துப் பாடும் பாட்டு.

இரண்டாவது, வோல்ஃப்காங் பீட்டர்சன் 1981-ல் எடுத்த ‘தாஸ் போட்’. இரண்டாம் உலகப்போரில் யூ-96 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் கதை, அதில் நிருபராகப் போன புக்ஹைம் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. அதில் ஜெர்மன் மாலுமிகள் சேர்ந்து பாடுவது ‘டிப்பரரி’ என்ற பாட்டு, பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாட்டு! எந்த நாட்டுக் கப்பல்களை மூழ்கடிக்கக் கிளம்பினார்களோ அந்த நாட்டுப் பாட்டையே உற்சாகமாகப் பாடுகிறார்கள். கப்பலில் ஹிட்லர் பக்தி முற்றிய அதிகாரி ஒருவர் இருக்கிறார், அந்த இசைத்தட்டைப் போடும் வேலையைக் கேப்டன் அவர் தலையிலேயே கட்டுகிறார். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஆட்களுக்குப் போரைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று யாரும் வசனம் பேசத் தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

‘காஸி’யில் பாட்டு எதற்கு வருகிறது? கண்ணிவெடியில் அடிபட்டு மேலும் கீழும் மட்டுமே நகர முடிகிற கப்பல். எதிரியைச் சீண்டிவிடப் பாடுகிறார்கள். அவன் கேட்கிறான், கொதிக்கிறான், நிதானம் தப்புகிறான். பாட்டு ஒரு தந்திரமாகிவிட்டது. கதைப்படி பார்த்தால் புத்திசாலித்தனம்தான். ஆனால் மற்ற இரண்டு படங்களிலும் பாடுகிறவர்களைப் பற்றி நமக்குப் புதிதாக ஒன்று தெரியவருகிறது. இங்கே என்ன தெரியவருகிறது? அவர்களுக்கு நாட்டுப்பற்று உண்டு என்பது. அது படம் தொடங்கும்போதே தெரியும். உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது பொய்யில்லை, எனக்கும்தான். அந்தக் கீதத்தை எங்கே கேட்டாலும் அப்படி ஆகும், பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் சுதி தப்பிப் பாடினாலும் ஆகும். அந்தப் பெருமையைப் படத்தின் கணக்கில் எப்படி வரவு வைப்பது?

மச்சான் சொல்வது சரி. அப்படி ஒரு நீர்மூழ்கிச் சண்டை வரலாற்றுப் பதிவில் இல்லை. படமே தன்னைக் கற்பனை என்றுதான் அறிவித்துக்கொள்கிறது, அதனால் எனக்கு அதில் கோபமில்லை. வருத்தம் வேறு. நடந்ததாகப் பதிவாகியிருக்கும் கதை, எழுதிச் சேர்த்த கதையைவிட நல்ல நீர்மூழ்கிக் கதை.

காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி அமெரிக்காவில் கட்டிய கப்பல், பழைய பெயர் ‘டயப்ளோ’. 1964-ல் பாகிஸ்தானிடம் வந்தது. 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து கிளம்பியது, குறி நம் விமானந்தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’. விக்ராந்துக்கோ பாய்லரில் கோளாறு, முழு வேகத்தில் ஓட முடியாது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் அதை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் இருப்பதுபோல நாடகம் போட்டார். பெரிய கப்பற்படையே வந்து நிற்பதுபோல ரேஷன் ஒப்பந்தக்காரரிடம் ஏராளமாக இறைச்சியும் காய்கறியும் கேட்டார். ஊருக்குள் இருக்கும் உளவாளிகள் காதில் விழட்டும் என்றுதான். ‘ராஜ்புத்’ என்ற பழைய கப்பல் விக்ராந்த் வேஷம் கட்டிக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேசியது. விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி தன் தாயாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல ஒரு செய்தியை யார் வேண்டுமானாலும் கேட்கும்படி அனுப்பினார்கள். இல்லாத கப்பலில் இல்லாத மகன் தாயை விசாரிக்கிறான், அதை நம்பி ஒரு நீர்மூழ்கி வேட்டைக்கு வருகிறது. எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கு இது தோன்றும்?

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். காஸி 90-க்கும் மேற்பட்டவர்களோடு அங்கேயே போனது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் மூழ்கியது என்பது நம் கடற்படையின் நிலை. அது தானே விதைத்த கண்ணிவெடி, அல்லது உள்ளே நடந்த விபத்து என்பது பாகிஸ்தான் தரப்பு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது சேரும் ஹைட்ரஜன் வாயு வெடித்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. காஸியில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது ஒரு கட்டுக்கதையை. இதைப் படமாக எடுக்க எதிரியைத் திட்ட ஒரு வசனம்கூட வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட நல்ல படம் ‘தாஸ் போட்’தான். (முடிவைச் சொல்ல மாட்டேன், ஆனால் நடுவில் ஒரு காட்சியைச் சொல்லப் போகிறேன். அதுவும் தெரியக் கூடாது என்றால் அடுத்த பத்தியை விட்டுவிடுங்கள்.)

படத்தின் பெரும்பகுதியில் எதிரி என்று ஒரு முகம் கிடையாது. ஹைட்ரோபோன் (தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்கும் கருவி) வைத்திருப்பவர் காதைத் தீட்டிக்கொண்டு கிசுகிசுப்பார். கொஞ்ச நேரத்தில் கருவி இல்லாமலே எல்லாருக்கும் அந்தப் புரொப்பல்லர் சத்தம் கேட்கும், தலைகள் மேலே திரும்பும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே ஆழம் ஏற ஏறக் கப்பலின் போல்ட்டுகள் துப்பாக்கிக் குண்டுபோலத் தெறித்துக்கொண்டு வரும். அப்புறம் ஒரு ராத்திரி, தாங்கள் டார்பிடோ அடித்த எண்ணெய்க் கப்பல் இன்னும் மிதக்கிறதே என்று மேலே வந்து இன்னொன்று அடிக்கிறார்கள். எரியும் தளத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள். தீயோடு தண்ணீரில் குதிக்கிறார்கள். குதித்தவர்கள் உதவி கேட்டு இந்தக் கப்பலை நோக்கியே நீந்தி வருகிறார்கள். ஏற்றிக்கொள்ள இடமில்லை, பின்வாங்கச் சொல்கிறார் கேப்டன். எதிரியின் முகத்தை நாம் பார்ப்பது அப்போதுதான், பார்த்தபோது அது நீந்திக்கொண்டிருக்கிறது. ‘காஸி’ ரஸாக்கை ஆரம்பத்திலிருந்தே காட்டித் தொலைத்ததால் இப்படி ஒரு நிமிடம் அதற்குக் கிடைக்கவே இல்லை.

ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வகானோ செட்டின் சுவரைக் கழற்றாமல், தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கையில் கேமராவோடு அந்தக் குழாய்க்குள் ஓடி ஓடி எடுத்திருக்கிறார். ஆறு ஆஸ்கர் பரிந்துரை, அதில் இரண்டு ஒலிக்கு. டிவி ஸ்பீக்கரில் பார்த்தால் பாதி போய்விடும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். 1981-ல் வந்தது இரண்டரை மணி நேரம், 1997-ல் இயக்குநரே திருத்தி வெளியிட்டது மூன்றரை மணி நேரம். நீளமானதையே பாருங்கள். நடுவில் ஒன்றுமே நடக்காமல் கடலில் அலையும் நாட்கள் அதில்தான் இருக்கின்றன, அவை இல்லாமல் குண்டு விழும் காட்சிக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஜெர்மன் மொழியில், சப்டைட்டிலோடு பாருங்கள், டப்பிங் வேண்டாம். மச்சானையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அவர் எங்கே சிரிக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்
குன்னூரிலிருந்து