பல்லும் பேப்பரும்

வணக்கம் ஐயா,

வேலை மாற்றலில் நெதர்லாந்தின் க்ரோனிங்கன் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே கடையில் டச்சுப் பெயர்களைப் படித்துச் சாமான் வாங்க முடிந்தது. தண்ணீர் 'வாட்டர்', பால் 'மெல்க்', ஆப்பிள் 'அப்பெல்'. அலுவலகத்திலோ டச்சுக்காரர்களே 'மீட்டிங்', 'டெட்லைன்', 'டீம்' என்றுதான் பேசுகிறார்கள். பக்கத்து ஜெர்மனியிலும் இதே கதை. இந்த மொழிகள் ஆங்கிலத்தில் பாதி கரைந்துவிட்டன, மீதியும் ஒரு தலைமுறையில் கரைந்துவிடும் என்று தோன்றுகிறது. மகளை டச்சு வகுப்பில் சேர்ப்பதா என்றுகூடத் தயங்குகிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பேசலாம்.

உங்கள் பட்டியலில் இரண்டு வகைச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. வாட்டரும் மெல்க்கும் டச்சு மொழி ஆங்கிலத்திடம் வாங்கியவை அல்ல. இரண்டு மொழிகளுக்கும் ஒரே தாய்வீட்டிலிருந்து வந்தவை. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கில்கள், சாக்சன்கள் என்ற குடியினர் இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் கொண்டுபோன பேச்சுதான் பின்னால் ஆங்கிலம் ஆனது. ஐரோப்பியப் பெருநிலத்திலேயே தங்கிவிட்ட உறவுகளின் பேச்சு டச்சாகவும் ஜெர்மனாகவும் வளர்ந்தது. மீட்டிங்கும் டீமும் நேற்று வந்த கடன்.

எது பூர்வீகச் சொத்து, எது கடன் என்று எப்படித் தெரியும்? ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்தைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அந்த மொழியில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த 'ட' ஒலி 'ட்ஸ' ஆகிவிட்டது. பத்து ஆங்கிலத்தில் 'டென்', டச்சில் 'டீன்', ஜெர்மனில் 'ட்ஸேன்'. இரண்டு: டூ, ட்வே, ட்ஸ்வை. நாக்கு: டங், டோங், ட்ஸுங்க. பல்: டூத், டாண்ட், ட்ஸான். இந்த ஒழுங்குதான் ரத்த உறவுக்குச் சாட்சி. ஆனால் 'டீம்', 'டெஸ்ட்' எல்லாம் ஜெர்மனுக்குள் வந்தபோது அந்த ஒலிமாற்றம் என்றோ முடிந்துபோயிருந்தது. அதனால் 'ட்ஸீம்' என்று யாரும் சொல்வதில்லை.

இது நமக்குத் தெரிந்த சங்கதிதான். நம் பால், பல், பூ மூன்றும் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹூவு. பேப்பர் மட்டும் அங்கேயும் பேப்பர். பல் பிறந்த வீட்டுச் சொல், பேப்பர் விருந்தாளி. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இப்படிப்பட்ட ஒலிமாற்றங்களை 1822இல் வரிசைப்படுத்திக் காட்டியவர் யாக்கோப் க்ரிம். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்தாரே, அவரேதான்.

சரி, கடன் வாங்கினால் மொழி கரைந்துவிடுமா? ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். 'அவர்கள்' என்பதற்கு அது சொல்லும் 'தே' வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. பிரதிப்பெயரைக்கூடக் கடன் வாங்கிய மொழி அது. 1066இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாகப் புகுந்தன. டச்சுக்காரர்களிடமிருந்தும் 'பாஸ்', 'குக்கி', உல்லாசப் படகைக் குறிக்கும் 'யாட்' எல்லாம் போயின. ஆங்கிலம் கரையவில்லை.

உங்கள் சகாக்கள் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினால் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். 'ஆப்' என்ற பெயர்ச்சொல்லை எடுத்து 'ஆப்பெ' என்று டச்சு வினையாக்கிவிட்டார்கள். இறந்தகாலத்துக்கு முன்னால் ஒரு 'ஹெ', பின்னால் ஒரு 'ட்' சேர்த்து 'ஹெஆப்ட்' என்கிறார்கள். குட்டிச் செய்தி என்றால் 'ஆப்யெ'. நாமாவது 'பண்ணு' என்று ஒரு துணைவினையைப் பிடித்துக்கொள்கிறோம், 'மெயில் பண்ணினேன்' என்கிறோம். அவர்கள் நேராகத் தங்கள் இலக்கணத்துக்குள் இழுத்துப்போட்டுவிடுகிறார்கள். இது சாகிற மொழியின் வேலை இல்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். நெதர்லாந்தின் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் படிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஒரு துறையை முழுக்க ஆங்கிலத்துக்கு விட்டுக்கொடுத்தால், அந்தத் துறையில் புதுச் சொல் பிறப்பதும் நின்றுபோகும். சுவீடன் இதற்கு அஞ்சித்தான் 2009இல் ஒரு மொழிச் சட்டம் போட்டது. சுவீடிஷ் மொழி சமூகத்தின் எல்லாத் துறைகளிலும் பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன்.

ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு உங்கள் பக்கத்து மாகாணத்திலேயே இருக்கிறது. ஃப்ரீஸ்லாந்தின் ஃப்ரீசிய மொழி. சீஸ் டச்சில் 'காஸ்', ஃப்ரீசியத்தில் 'ட்ஸீஸ்'. நாள் டச்சில் 'டாஹ்', ஃப்ரீசியத்தில் 'டை', ஆங்கில 'டே' மாதிரியே. இந்த மொழியை நெருக்குவது ஆங்கிலத்தைவிட டச்சுதான். வீட்டில் பெற்றோர் பிள்ளைகளோடு டச்சுக்கு மாறிக்கொள்கிறார்கள். எனக்கு மனது கஷ்டப்படுவது அங்கேதான்.

க்ரோனிங்கனிலிருந்து ஃப்ரீஸ்லாந்தின் தலைநகரான லேவார்டனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு சனிக்கிழமை மகளோடு போய் வாருங்கள். சீஸ் கடை ஒன்றில் உள்ளூர்ப் பெரியவர் யாராவது இருந்தால், அதன் பெயரை அவர் மொழியில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். மகள் காதில் எப்படி விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.