சரிவு நிலத்தில் தைலமரம் வெட்டுவது பற்றி

வணக்கம் ஐயா. ஒடுகத்தூர் பக்கம் காட்டை ஒட்டிய சரிவில் இருக்கும் தைலமரத்தை ஐப்பசியிலேயே மொத்தமாக வெட்டி, ஜேசிபி விட்டு வேரையும் பறித்துவிடலாம் என்று வியாபாரி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரத்தில் சரிவு மொட்டையாகக் கிடந்தால் மேல்மண் ஓடையோடு போய்விடும்.

தை பிறந்து மண் காய்ந்தபின், மொத்தமாக இல்லாமல் பகுதி பகுதியாக விட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள். அடிக்கட்டை இருக்கட்டும், வேர் மண்ணைப் பிடிக்கும், மறுபடி துளிர்க்கவும் செய்யும்.

வெட்டுவதைவிட, கட்டை இழுக்கும் தடம்தான் எனக்குக் கவலை. டிராக்டர் மேலிருந்து நேராக இழுத்தால் அந்தப் பள்ளமே அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். இறுகிய மண்ணில் தண்ணீரும் இறங்காது. நேராக இறங்காமல் சரிவின் குறுக்கே சாய்வாக ஒரே தடம், அதைத் தாண்டி வண்டி ஏறக்கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கழித்த கிளைகளைக் கொளுத்தாமல் தடத்தின் குறுக்கே போடட்டும். ஓடைக்கரைப் புங்கனையும் நாவலையும் தொடவே விடாதீர்கள். அப்புறம், இடையில் சந்தனமரம் தானாக முளைத்திருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது.