காந்திக்குக் கிடைத்த நீதிமன்றம்

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை 2013-இல் செய்தியாளர்களிடம் கொடுத்த எட்வர்ட் ஸ்னோடனுக்கு அமெரிக்க அதிபர் மன்னிப்பு வழங்க வேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கருவூலத் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எத்தனையோ கோப்புகள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. சிலவற்றைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வராமல் கிடந்ததுண்டு. ஆனாலும் ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுபோனதில்லை. தவறென்று பட்டால் குறிப்பில் எழுதுவேன், மேலதிகாரியிடம் சொல்வேன். அதோடு என் கடமை முடிந்தது.

மனசாட்சிக்காகச் சட்டத்தை மீறுகிறவர் அதற்கான தண்டனையையும் ஏற்க வேண்டும். காந்தி அதைத்தானே செய்தார்? கூண்டில் நின்று அதிகபட்ச தண்டனை கொடுங்கள் என்று கேட்டார். இவரோ முதலில் ஹாங்காங், அப்புறம் மாஸ்கோ. விசாரணைக்கே வராதவருக்கு மன்னிப்பு எப்படி? முதலில் அவர் கருணை மனு போட வேண்டாமா? இன்று ரஷ்யக் குடிமகனாகவும் ஆகிவிட்டார். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கே., தஞ்சாவூர்


அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று நாட்கள் கையில் வைத்திருந்தேன். தூக்கம் வராமல் கிடந்த இரவுகளை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அந்த இரவுகள் உங்களுக்கு இருந்ததால்தான் இந்த விஷயத்தை உங்களோடு பேசலாம் என்று தோன்றுகிறது.

காந்தியிலிருந்தே தொடங்குகிறேன். 1922 மார்ச் 18, அகமதாபாத். ‘யங் இந்தியா’வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக ராஜதுரோக வழக்கு. காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் படித்தார். போயர் போரில் ஆங்கிலேயருக்காகக் காயம்பட்டவர்களைச் சுமந்த தான், பேரரசின் விசுவாசியான தான், எப்படி அதன் எதிரியானேன் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னார். நீதிபதி புரூம்ஃபீல்ட் முழுவதையும் கேட்டார். தான் இதுவரை விசாரித்தவர்களிலும் இனி விசாரிக்கப்போகிறவர்களிலும் சேராத மனிதர் நீங்கள் என்றார். திலகருக்குக் கொடுத்த அதே ஆறு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு, அரசாங்கம் இதைக் குறைத்து உங்களை விடுவிக்க முடிந்தால் என்னைவிட மகிழ்பவர் யாரும் இருக்க முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். தண்டனை கொடுத்த வாயாலேயே கருணையையும் கேட்டவர் அவர். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 1924 பிப்ரவரியில் காந்தி விடுதலையானார்.

அந்நிய ஆட்சியின் நீதிமன்றம்தான். ஆனால் ‘ஏன் செய்தாய்’ என்பதற்கு அங்கே ஒரு காது இருந்தது. ஸ்னோடனைப் போய் நில்லுங்கள் என்று நாம் சொல்கிற நீதிமன்றத்தில் அது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அவர் மீதுள்ள குற்றச்சாட்டுகள் மூன்று. ஒன்று அரசுச் சொத்தைத் திருடியது. மற்ற இரண்டும் 1917-இன் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. ஒவ்வொன்றுக்கும் பத்து ஆண்டுகள் வரை சிறை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒற்றர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. எதிரி நாட்டுக்கு விற்றவரையும் செய்தியாளரிடம் கொடுத்தவரையும் ஒரே தட்டில் வைக்கும். மக்கள் நன்மைக்காகச் செய்தேன் என்று வாதாட அதில் வழியில்லை. குற்றவாளியா இல்லையா என்று முடிவெடுக்கும் ஜூரி அந்தப் பேச்சையே கேட்கக் கூடாது.

இது என் ஊகம் இல்லை. டேனியல் எல்ஸ்பெர்க் வியட்நாம் போர் பற்றிய பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) ரகசிய ஆவணங்களை 1971-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். தானே பாஸ்டனில் சரணடைந்தார். மொத்தம் 115 ஆண்டுகள் வரை தண்டனை வரக்கூடிய வழக்கில் கூண்டிலும் ஏறினார். அந்தத் தாள்களை ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞர் கேட்டதும் அரசுத் தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். பதில் சொல்லக் கூடாது. இத்தனைக்கும் அந்தக் கேள்விதான் வழக்கின் உயிர். 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானதுகூட அவருடைய நியாயம் நிரூபணமானதால் இல்லை. அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் வெள்ளை மாளிகை அனுப்பிய ஆட்கள் புகுந்து கோப்புகளைத் தேடியது வெளியே வந்ததால். அதே எல்ஸ்பெர்க் 2013-இல், ஸ்னோடன் நாட்டைவிட்டுப் போனது சரியான முடிவு என்று எழுதினார். தான் ஜாமீனில் வெளியே இருந்து ஊர் ஊராகப் பேச முடிந்தது, இன்று அது நடக்காது என்றார். ஓடாமல் நின்றவரின் வாய்ச்சொல் இது ஐயா. எனக்கு வேறு எந்தச் சான்றையும்விட இது கனமாகப் படுகிறது.

நீங்கள் கேட்டபடி நின்ற இன்னொருவர் செல்சி மானிங். ஈராக்கில் இருந்த ராணுவத் தகவல் ஆய்வாளர். 2007-இல் பாக்தாதில் ராய்ட்டர்ஸ் ஊழியர்கள் இருவர் உட்படப் பலரை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொன்ற காணொளி வெளியே வந்தது அவரால்தான். 2010 மே மாதம் கைது. குவாண்டிகோ மரைன் படைச் சிறையில் ஒன்பது மாதங்கள்: நாளுக்கு 23 மணி நேரம் தனி அறை, கடைசிக் காலத்தில் இரவில் உடைகளையும் வாங்கிவிடுவார்கள். தற்கொலை செய்துகொள்ளக் கூடாதாம். பிறகு ராணுவ நீதிபதியே அது சட்டவிரோதமான நடத்தை என்று சொல்லித் தண்டனையில் 112 நாட்களைக் கழித்தார். 2013 பிப்ரவரியில் மானிங் குற்றங்களில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டு, ஏன் செய்தேன் என்று 35 பக்க அறிக்கையை வாசித்தார். காந்தி செய்ததேதான். ஆகஸ்டில் கிடைத்தது 35 ஆண்டுகள். பக்கத்துக்கு ஓர் ஆண்டு.

மேலதிகாரியிடம் சொல்லலாமே என்கிறீர்கள். தாமஸ் டிரேக் என்.எஸ்.ஏ.வில் மூத்த அதிகாரி. மேலதிகாரிகளிடம் சொன்னார், உள் தணிக்கை அதிகாரியிடம் சொன்னார், பாதுகாப்புத் துறையில் சொன்னார், நாடாளுமன்றக் குழுவிடமும் சொன்னார். நீங்கள் வகுத்த பாதை அப்படியே. 2007-இல் எஃப்.பி.ஐ. அவர் வீட்டுக்குள் வந்தது. பத்துக் குற்றச்சாட்டுகள். நான்கு ஆண்டுகள் கழித்து அத்தனையும் கரைந்து, கணினியை அனுமதிக்கு மீறிப் பயன்படுத்தினார் என்ற சிறு குற்றம் ஒன்று மிஞ்சியது. அதற்குள் வேலையும் ஓய்வூதியமும் போய்விட்டன. ஆப்பிள் கடையில் மணிக்கூலிக்கு நின்று ஐபோன் விற்றார். ஓய்வூதியம் வாங்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்னோடன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். 2013 மார்ச்சில் தேசிய உளவுத் துறைகளின் தலைவரான ஜேம்ஸ் கிளாப்பரிடம், லட்சக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலைச் சேகரிக்கிறீர்களா என்று செனட்டில் கேட்டார்கள். இல்லை என்றார். சேகரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு தவறாகச் சொல்லிவிட்டதாகக் கடிதம் எழுதினார். அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாக அள்ளிய அந்தத் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றங்களே 2015-இலும் 2020-இலும் சொல்லிவிட்டன. சட்டத்தை மீறியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அதைச் சொன்னவர் வீட்டுக்குப் போக முடியவில்லை.

ஹாங்காங் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஹோட்டலைவிட்டு வெளியேறிய ஸ்னோடனை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மறைத்து வைத்தவர்கள் அகதிகள். இலங்கையிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து, தங்கள் மனுவுக்கே ஆண்டுக்கணக்கில் பதில் கிடைக்காமல் காத்திருந்தவர்கள். இலங்கைக் குடும்பம் தங்கள் படுக்கையறையை அவருக்குக் கொடுத்தது. பிலிப்பைன்ஸ் பெண்மணியிடம் அவர் மறுநாள் காலை ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். வாங்கிப் பார்த்தால் முதல் பக்கத்தில் விருந்தாளியின் முகம். அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இருப்பது யாரென்று தெரிந்தது. தெரிந்தும் கதவைத் திறந்து வெளியே போ என்று சொல்லவில்லை. பறிகொடுக்க வேறெதுவும் இல்லாதவர்கள். இருந்த ஒரே நம்பிக்கையையும் பணயம் வைத்தார்கள். அந்த இலங்கைக் குடும்பம் கனடா போய்ச் சேர 2021 ஆனது.

அமெரிக்கா ஹாங்காங்கிடம் ஆளை ஒப்படைக்கக் கேட்டது. இரண்டுக்கும் இடையே அப்போது ஒப்படைப்பு ஒப்பந்தமும் இருந்தது. ஆனால் அனுப்பிய தாள்களில் ஓரிடத்தில் எட்வர்ட் ஜேம்ஸ், ஓரிடத்தில் எட்வர்ட் ஜே.; குடிவரவுப் பதிவேட்டிலோ எட்வர்ட் ஜோசப். பாஸ்போர்ட் எண்ணும் இல்லை. சரிசெய்து அனுப்புங்கள் என்று ஹாங்காங் திருப்பிக் கேட்டது. கோப்பில் பெயர் மாறினால் என்ன ஆகும் என்று கருவூலக்காரரான உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில், ஜூன் 23 அன்று அவர் விமானம் ஏறிவிட்டார். மாஸ்கோ அவர் போக நினைத்த ஊரே இல்லை, லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிற வழி என்கிறார் அவர். அமெரிக்கா பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டதால் ஷெரமேத்யெவோ விமான நிலையத்தில் 39 நாட்கள் கிடந்தார். அங்கிருந்து தஞ்சம் கேட்டு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மனு அனுப்பினார். இந்தியாவும் அதில் ஒன்று. ஜூலை 2 அன்று நாம் மறுத்தோம். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகளை என்.எஸ்.ஏ. எடுத்தது, உலகில் ஐந்தாவது இடம் நமக்கு, என்பதை நாம் தெரிந்துகொண்டதே அவர் கொடுத்த தாளிலிருந்துதான். எனக்கு அது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ரஷ்யா பற்றி உங்கள் குறை நியாயமானது. 2022 செப்டம்பரில், உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தபோது, புதினின் கையெழுத்தில் குடியுரிமை பெற்றது என் மனதையும் அறுக்கிறது. அவர் எடுத்துச் சென்ற ஆவணங்கள் எல்லாமே சொந்த மக்களை வேவு பார்ப்பது பற்றியவை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதரை ஒரே கதவு திறந்திருக்கும் இடத்துக்குத் தள்ளிவிட்டு, ஏன் அந்தக் கதவுக்குள் போனாய் என்று கேட்பதில் பிழை இருக்கிறது.

இனி மன்னிப்பு. நம் மொழியில் இந்த ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். காலை மிதித்துவிட்டால் மன்னிப்பு, கடவுளிடம் மன்னிப்பு, அதிபர் தருவதும் மன்னிப்பு. அதனால் மன்னிப்பு என்றதுமே குற்றத்தை ஒப்புக்கொண்டு தலைகுனிந்து நிற்கிற ஓர் ஆள் நம் கண்முன் வந்துவிடுகிறார். அமெரிக்க அரசியல் சட்டம் அதிபருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தில் தண்டனைக் குறைப்பு வேறு, மன்னிப்பு வேறு. மானிங்குக்கு ஒபாமா 2017 ஜனவரி 17 அன்று கொடுத்தது குறைப்பு. 35 ஆண்டுகள் ஏழாகச் சுருங்கின. மே மாதம் வெளியே வந்தார். குற்றவாளி என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

விசாரணைக்கு வராதவருக்கு எப்படி என்று நீங்கள் கேட்பதை ஒபாமாவும் 2016 நவம்பரில் சொன்னார்: நீதிமன்றத்தின் முன் வந்து நிற்காதவரை நான் மன்னிக்க முடியாது என்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் நடந்த பிறகு, வழக்குப் போடுவதற்கு முன்பேகூட அதிபர் மன்னிக்கலாம் என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1867-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. 1974 செப்டம்பர் 8 அன்று அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, பதவி விலகியிருந்த முன்னாள் அதிபர் நிக்சனை மன்னித்தபோது நிக்சன் எந்தக் கூண்டிலும் ஏறியிருக்கவில்லை. செய்த, செய்திருக்கக்கூடிய எல்லாக் குற்றங்களுக்குமாக அந்தத் தாள் எழுதப்பட்டது. வியட்நாம் போருக்குப் போக மறுத்துக் கனடாவுக்கு ஓடிய இளைஞர்களை ஜிம்மி கார்ட்டர் 1977-இல் பதவியேற்ற மறுநாளே மொத்தமாக மன்னித்தார். ஓடியவர்கள்தான் ஐயா அவர்களும். ஒபாமாவால் முடிந்திருக்கும். அவர் விரும்பவில்லை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

ஏன் செய்தேன் என்று ஜூரியிடம் சொல்ல விடுவோம் என்று உறுதி கொடுங்கள், நாளைக்கே வருகிறேன் என்று ஸ்னோடன் பலமுறை சொல்லிவிட்டார். அந்த உறுதியை எந்த அரசாங்கமும் கொடுக்கவில்லை. சித்திரவதை செய்ய மாட்டோம், மரண தண்டனை கேட்க மாட்டோம் என்று மட்டும் 2013-இல் ரஷ்யாவுக்குக் கடிதம் எழுதினார்கள். நீதிமன்றம் ‘ஏன்’ என்று கேட்காது என்றால், அதை எடைபோடக்கூடிய ஒரே இடம் அதிபரின் மேசைதான். நான் அவருக்கு மன்னிப்பு கேட்டு எழுதியது இதனால்தான்.

கடைசியாக, மனு போட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். மனு போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. யூஜின் டெப்ஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர், 1918-இல் கேன்டன் நகரில் போருக்கு எதிராகப் பேசியதற்காக இதே உளவுச் சட்டத்தில் பத்து ஆண்டுகள் பெற்றவர். 1920-இல் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார். மன்னிப்பு கேட்க மாட்டேன் என்றார். விடுவிக்கலாம் என்று சட்ட அமைச்சரே பரிந்துரைத்தும் அதிபர் உட்ரோ வில்சன் மறுத்தார். அடுத்து வந்த வாரன் ஹார்டிங், இதை யாரும் எதிர்பார்த்திராத ஒரு பழமைவாதி, 1921 கிறிஸ்துமஸ் அன்று அவரை வெளியே விட்டார். டெப்ஸ் சிறை வாசலைத் தாண்டி நடந்தபோது உள்ளே இருந்த கைதிகள் ஜன்னல்களில் தொற்றிக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள். அவர் திரும்பி நின்று, கண்ணீரோடு தொப்பியைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் வெள்ளை மாளிகையில் ஹார்டிங் அவருடைய கையைக் குலுக்கினார்.

அதுவும் தண்டனைக் குறைப்புதான். பறிக்கப்பட்ட குடியுரிமை 1926-இல் அவர் சாகும்வரை திரும்பவில்லை.

அன்புடன்.