1953ங்கறது அந்த வில்லு பொறந்த வருஷம் இல்ல

வாசகர் கடிதம்:

வணக்கம் அண்ணா,

ஆறு மாசமா கிளப்ல ரிகர்வ், அதாவது நுனி எதிர்ப்பக்கமா வளைஞ்ச வில்லு, பழகிட்டிருக்கேன், இப்ப கையில இருக்கறது இழுக்க 28 பவுண்ட் விசை வேணுங்கற வில்லு. பழைய வில்லுங்க மேல நீங்க எழுதறதைப் படிச்சுப் படிச்சு எனக்கும் அந்தக் கிறுக்கு பிடிச்சிடுச்சு. இப்ப ஒருத்தர்கிட்ட பேர் ஆர்ச்சரிங்கற (Bear Archery) அமெரிக்கக் கம்பெனியோட கிரிஸ்லி மாடல் வில்லு ஒண்ணு விலைக்கு வருது. 58 இன்ச், 50 பவுண்ட். லிம்ப்ல, அதான் வளையற கைப் பட்டையில, 1953னு தெளிவா எழுதியிருக்கு. எழுபது வருஷத்து ஆன்டிக், அதனால பைசா குறைக்க மாட்டேன்ங்கறார். வில்லு ரெடியா இருக்குன்னு காட்ட நாண் மாட்டியே வருஷக்கணக்கா சுவத்துல தொங்க விட்டிருக்கார். பாலிஷ் பளபளன்னு இருக்கு. நாலு போட்டோ அனுப்பியிருக்கேன். வாங்கலாமா? என்ன விலை கொடுத்தா நியாயம்? என் பேர் போட வேண்டாம், அவரும் உங்களைப் படிக்கறவர்தான்.

பதில்:

தம்பி,

அவரும் படிக்கறார்னா நல்லதுதான், ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதிடறேன். அவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரல, பாதிப் பேர் இதே இடத்துலதான் வழுக்கி விழறாங்க. அந்த 1953 இருக்கற வரியை முழுசாப் படிங்க. முன்னாடி ஒரு அமெரிக்க பேடன்ட் நம்பர் இருக்கும், அப்புறம் கனடா 1953னு முடியும். அது கனடால பேடன்ட் வாங்கின வருஷம். அந்தக் கம்பெனி அதுக்கப்புறம் ரொம்ப வருஷத்துக்கு செஞ்ச வில்லுங்க மேல எல்லாம் அதே வரியை அடிச்சிட்டே இருந்தாங்க, அதனால உலகத்துல இன்னிக்கு விலைக்கு வர்ற '1953 மாடல்' எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா அந்த ஒரு வருஷம் முழுக்க ராப்பகலா ஃபேக்டரி ஓட்டியிருந்தாலும் அவ்வளவு செஞ்சிருக்க முடியாது.

வருஷம் பாக்கணும்னா காயினைப் பாருங்க. கைப்பிடிக்கு மேல ரைசர்ல, அதாவது வளையாத நடு மரத்துல, வட்டமா ஒரு உலோகக் காசு பதிச்சிருக்கும். 1959ல அது ஆரம்பிக்குது, முதல்ல செம்பு, அப்புறம் அலுமினியம், அப்புறம் பியூட்டர்ங்கற வெள்ளீயக் கலவை, 1963லேர்ந்து 1970 வரைக்கும் பித்தளை, 71, 72ல நிக்கல் சில்வர், அதுக்கப்புறம் மேடு தட்டின பிளாஸ்டிக் மெடலியன். உங்க ரெண்டாவது போட்டோல இருக்கறது மஞ்சளா, மரத்தோட மட்டமா பதிஞ்ச பித்தளைக் காசு. ஆக 1963லேர்ந்து 1970க்குள்ள செஞ்சது. அதனால மட்டமான வில்லுன்னு நினைச்சுடாதீங்க, அந்தக் காலகட்டத்து கிரிஸ்லி கையில பிடிக்கவே சுகமா இருக்கும். ஆனா அவர் விலை சொல்றது வருஷத்தை வச்சு, அந்த வருஷமே தப்பு. (போட்டோல பியூட்டரும் நிக்கல் சில்வரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பத்து வருஷ வித்தியாசம், நேர்ல பாக்காம அதுல பந்தயம் கட்டாதீங்க.)

இன்னொண்ணு, பழசுன்னாலே அபூர்வம்னு ஒரு நினைப்பு இருக்கு பாருங்க, வில்லு விஷயத்துல அது எடுபடாது. அறுபதுகள்ல அமெரிக்காவுல ரிகர்வ் வில்லை ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளினாங்க. ஃப்ரெட் பேர்ங்கறவரோட பேர் ஆர்ச்சரி மிச்சிகன்ல கிரேலிங்ல, பென் பியர்சன் ஆர்கன்சால பைன் பிளஃப்ல, டேமன் ஹவாட் வாஷிங்டன் மாநிலத்துல யாக்கிமால, விங் டெக்சஸ்ல, ஹாய்ட் செயின்ட் லூயிஸ்லன்னு ஆளாளுக்கு ஒரு பட்டறை. அப்ப ஹாலஸ் ஆலன்னு ஒருத்தர் 1966ல காம்பவுண்ட் வில்லுக்கு பேடன்ட் கேட்டு எழுதறார், 1969ல கிடைக்குது, எழுபதுகள்ல வேட்டைக்காரங்க ஒவ்வொருத்தரா கப்பி வச்ச அந்த வில்லுக்கு மாறிட்டாங்க. அதுவரைக்கும் வச்சிருந்த ரிகர்வை என்ன செய்யறது, அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. அந்த அலமாரிகள்தான் இப்ப ஒண்ணொண்ணா திறக்குது. அதனாலதான் அம்பது அறுபது வருஷத்து வில்லு புதுசு மாதிரி நிறைய கிடைக்குது, அதனாலதான் வயசுக்குன்னு தனி விலை கிடையாது. சின்னப் பசங்களுக்குன்னு முழுக்க ஃபைபர் கிளாஸ்ல வார்த்த வில்லுங்க இதைவிடப் பழசா இருக்கும், சும்மா கொடுத்தாலும் சேகரிக்கறவங்க யோசிப்பாங்க. அதே பேர் ஆர்ச்சரியோட கோடியாக், சூப்பர் கோடியாக், கழட்டி மாட்டற டேக்டவுன், அதுவும் 1978ல ஃபேக்டரி ஃபுளோரிடாவுக்குப் போறதுக்கு முன்னாடி கிரேலிங்ல செஞ்சதுன்னா ஆளுங்க வரிசைல நிப்பாங்க. கிரிஸ்லி இது ரெண்டுக்கும் நடுவுல.

சரி, இனி வில்லோட உடம்பு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்க, நீங்க காசு கொடுக்கறீங்க, நல்லாவே பிடிச்சுப் பாருங்க. நான் பாக்காம வாங்கிப் பட்டவன். என்னோட முதல் பழைய வில்லு 45 பவுண்ட், கீழ் லிம்ப்ல ஒரு சாண் நீளத்துக்கு பச்சையும் பழுப்புமா துணி டேப் சுத்தியிருந்தது. வேட்டைக்காரங்க பளபளப்பு தெரியாம இருக்க அப்படிச் சுத்துவாங்க தம்பின்னு வித்தவர் சொன்னார், அது உண்மைதான், நிறையப் பேர் சுத்துவாங்க, எனக்கோ அந்த டேப்பைப் பாத்தே ஒரு காதல், காட்டுக்குப் போய் வந்த வில்லாச்சேன்னு. மூணாவது வாரம் முழுசா இழுத்துத் தாடைகிட்ட நிறுத்தும்போது 'டிக்'னு ஒரு சத்தம். நாண் படியுதுன்னு நினைச்சேன். மறுநாளும் டிக். அன்னிக்கு ராத்திரி உக்காந்து டேப்பைப் பிரிச்சா பசையோட சேர்ந்து வார்னிஷும் உரிஞ்சு வருது, அடியில ஃபைபர் கிளாஸ் பட்டை மேப்பிள் மரத்தை விட்டுத் தூக்கி நிக்குது, விசிட்டிங் கார்டு முனையை விட்டுப் பாத்தேன், நகம் அளவுக்கு உள்ள போச்சு. அது இப்பவும் சுவத்துலதான் தொங்குது, நாண் இல்லாம. யானை இருந்தாலும் ஆயிரம் பொன் செத்தாலும் ஆயிரம் பொன்ங்கறது யானைக்கு மட்டும்தான் தம்பி, லேமினேஷன் விட்ட வில்லுக்குக் கிடையாது.

அதனால போகும்போது பாக்கெட்ல கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டுப் போங்க, மருந்துக்கடைப் பஞ்சு. நாணை அவுக்கச் சொல்லிட்டு லிம்ப்போட முதுகு (குறியைப் பாத்த பக்கம்), வயிறு (உங்களைப் பாத்த பக்கம்), ரெண்டு ஓரம், நுனியில நாண் மாட்டற காடி, எல்லாத்துலயும் அதை மெதுவா இழுத்துட்டே வாங்க. கண்ணுக்குத் தெரியாத செதில் இருந்தா பஞ்சு ஒரு இழை அங்க மாட்டிக்கிட்டு நிக்கும். விரலால தேய்க்காதீங்க, கிளாஸ் சிராய் ஏறினா எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும். கிளாஸ்ல நீளவாக்குல மெல்லிசா மயிர் மாதிரி கோடு இருந்தா பெரும்பாலும் பயப்பட வேண்டாம், அந்தக் கால வில்லுங்கள்ல சகஜம். குறுக்கால ஓடினா வச்சிட்டு வந்துடுங்க, அங்கதான் வில்லு முறியும். உங்க நாலாவது போட்டோல ரைசர் முடிஞ்சு லிம்ப் ஆரம்பிக்கற இடத்துல குறுக்கா ஒரு வெளிச்சக் கீத்து தெரியுது, ட்யூப்லைட்டோட பிரதிபலிப்பா இருக்கலாம், விரிசலாவும் இருக்கலாம், நேர்ல சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. வெளிச்சம்னா கூடவே நகரும்.

அடுத்தது லிம்ப் முறுக்கிக்கிட்டிருக்கான்னு பாக்கறது. திரும்ப நாண் மாட்டச் சொல்லுங்க, ஆனா காலை உள்ள விட்டுத் தொடையில வளைச்சு மாட்டினார்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, பாதி வில்லுங்க முறுக்கறதே அந்த வித்தையாலதான், நாண் மாட்டறதுக்குன்னே இருக்கற ஸ்ட்ரிங்கர் கயிறு போட்டு மாட்டணும். மாட்டினதும் ஒரு நுனியைக் கண்ணுகிட்ட வச்சு துப்பாக்கில குறி பாக்கற மாதிரி பாருங்க, நாண் ரெண்டு லிம்புக்கும் நட்டநடுவுல ஓடணும். ஒரு பக்கம் லேசா ஒதுங்கியிருந்தா வெந்நீர்ல காட்டி எதிர்ப்பக்கம் திருப்பிச் சரி பண்ண முடியும், பொறுமை வேணும், அந்தப் பொறுமைக்கான கூலியை விலைல கழிச்சுக்குங்க. காடியை விட்டே நாண் நழுவப் பாக்குதுன்னா வேண்டாம். வருஷக்கணக்கா நாணோட தொங்கின வில்லுங்கறதால இதை ரெண்டு தடவை பாருங்க. அவர் ரெடியா வச்சிருக்கேன்னு பெருமையாச் சொல்றார், நான் வாங்கறவனா இருந்தா அதுக்கே கொஞ்சம் குறைச்சிருப்பேன்.

பாலிஷ் சங்கதி. மூணாவது போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க, அம்பு வைக்கற ஷெல்ஃபுக்கு எதிர்ப்பக்கம் மரக்கலர்லயே ரெண்டு பொட்டு இருக்கு, ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அது ஸ்க்ரூ ஓட்டை, முன்னாடி அங்க குறி பாக்கற சைட்டோ அம்புக்கூடோ மாட்டியிருந்திருக்காங்க, அப்புறம் அடைச்சு மேல புதுசா வார்னிஷ் ஊத்தியிருக்காங்க. லிம்ப்ல எழுத்தோட ஓரம் மங்கலா இருக்கறதும் அதனாலதான், தேய்ச்சிருக்காங்க. அம்பு விடறதுக்கு இதனால ஒண்ணும் குறைச்சல் இல்ல. சேகரிக்கறவர் பார்வையில பெரிய அடி, அவங்களுக்குக் கீறலோட இருந்தாலும் ஃபேக்டரி வார்னிஷ்தான் வேணும். ஆக அவர் பாலிஷுக்குக் காசு கேக்கறார், விஷயம் தெரிஞ்சவங்க பாலிஷுக்குக் காசைக் குறைப்பாங்க.

விலை எவ்வளவுன்னு கேட்டீங்க, நான் நம்பர் சொல்ல மாட்டேன், கணக்கு போடற விதம் சொல்றேன். ஏலத் தளங்கள்ல கேக்கற விலையைப் பாக்காதீங்க, கேக்கறதுக்கு யாரும் வரி கட்டறதில்ல, வித்து முடிஞ்ச விலையை மட்டும் பாருங்க. அதே மாடல், அதே நீளம், கிட்டத்தட்ட அதே பவுண்ட், அதே கை (வலதா இடதா), ஒரு அஞ்சாறு எடுத்து வைங்க. அதுல ஓட்டை இல்லாத, தேய்க்காத வில்லுங்களைத் தள்ளிடுங்க, உங்களுது அந்த ஜாதி இல்ல. மிச்சத்துல நடுவுல இருக்கறதுதான் உங்க விலை, அதுலயும் புது நாணுக்குக் கழிச்சுக்கலாம். நாண் புதுசு, கொஞ்சம் நீண்டு கொடுக்கற டாக்ரான் நூல்தான் வாங்கணும், இந்தக் கால ஃபாஸ்ட் ஃபிளைட் மாதிரி நீளாத நூலைப் போட்டா பழைய நுனி தாங்காது, பிளந்துடும். 58 இன்ச் வில்லுன்னா நாண் நீளம் 54லேர்ந்து 55 இன்ச்.

கைன்னதும்தான் ஞாபகம் வருது, நீங்க எந்தக் கைன்னு எழுதவே இல்ல. போட்டோல வில்லு வலதுகைக்காரங்களுக்கானது, ஷெல்ஃப் இடதுபக்கம் இருக்கு.

கடைசியா அந்த 50 பவுண்ட். இதை முதல்லயே சொல்லியிருந்தா மேல எழுதினதைப் படிச்சிருக்க மாட்டீங்கன்னுதான் இங்க வச்சேன். 50ங்கறது 28 இன்ச் இழுக்கும்போது அளந்தது, ஒரு இன்ச் குறைச்சு இழுத்தா ரெண்டு மூணு பவுண்ட் குறையும், நீங்க 27 இழுக்கறவர்னு வச்சாலும் 47 வருது. 28லேர்ந்து 47க்குத் தாவினா முதல்ல போறது தோள்பட்டை, அப்புறம் இவ்வளவு நாள் பழகின ஃபார்ம், நின்னு இழுத்து விடற முறை, மொத்தமும். அதுவும் 58 இன்ச் குட்டை வில்லுல நாண் மடங்கற கோணம் கூர்மையா இருக்கும், விரலை நசுக்கும். எனக்கு இந்த வில்லு பிடிச்சிருக்கு, ஆனா உங்களுக்கு இது இப்ப வேண்டாம். 35 பவுண்டுக்குள்ள, 62 இன்ச்சுக்கு மேல பழைய டார்கெட் வில்லு ஏதாவது தேடுங்க, இதுல நான் சொன்ன பஞ்சும் முறுக்கும் அதுக்கும் அப்படியே பொருந்தும்.

அப்படியும் மனசு கேக்கலன்னா, நாணை அவுத்து வச்சு பக்கவாட்டுல ஒண்ணு, நாண் மாட்டி நுனிலேர்ந்து பாத்த மாதிரி ஒண்ணு, ஃபிளாஷ் இல்லாம ரெண்டு போட்டோ கேளுங்க. தயங்காம எடுத்துக் கொடுத்தார்னா எனக்கு அனுப்புங்க, நீங்க வாங்கலன்னா நான் அவர்கிட்டப் பேசிக்கறேன்.