உப்பு பூக்கும் சுவரில் பத்து விளக்குகள்

கேள்வி: பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர் எங்களுடையது. சிற்றாலயத்தின் பின்சுவரில், தலைவாசலை ஒட்டி, மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருக்கும் பத்துக் கன்னியரைப் பற்றி இயேசு சொன்ன உவமையை எனாமல் பெயிண்டில் வரைந்திருந்தோம். மூன்றாம் வருடமே வெள்ளை பூத்து உரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்குள் மறுபடி வரைய வேண்டும். ஐந்து பேர் தூங்குவது போலவும் ஐந்து பேர் விழித்திருப்பது போலவும் வரைந்து, கீழே நரக நெருப்பும் போடலாம் என்கிறார் ஓவியர். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்கிறார்கள் பெரியவர்கள். எது சரி?

பதில்: ஓவியரிடம் மத்தேயு 25ஆம் அதிகாரம், 5ஆம் வசனத்தைக் காட்டுங்கள். மணமகன் வரத் தாமதமானதும் பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். வித்தியாசம் தூக்கத்தில் இல்லை, எண்ணெயில். ஐவர் விளக்கோடு குப்பியில் எண்ணெயும் எடுத்து வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் விளக்கை மட்டும். ராத்திரி மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஊரில் இதற்கு விளக்கவுரையே வேண்டாம். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கரையிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள்தானே.

நெருப்பு அந்த உவமையிலேயே கிடையாது. கதவு அடைபடுகிறது, உள்ளேயிருந்து 'உங்களை எனக்குத் தெரியாது' என்று குரல் வருகிறது, அவ்வளவுதான். ஜெர்மனியில் மக்டபர்க் பேராலய வாசலில் 1250 வாக்கில் செதுக்கிய பத்துச் சிலைகளும் நெருப்பை நம்பி நிற்கவில்லை. ஒரு பக்கம் ஐந்து முகங்கள் சிரிக்கின்றன, மறுபக்கம் ஐந்து முகங்கள் அழுகின்றன.

உங்களுக்கும் அதே அமைப்பு பொருந்தும். தலைவாசலின் உள்பக்கம், வலப்புறம் ஐவர், இடப்புறம் ஐவர். நடுவே கதவை வரையாதீர்கள். உங்கள் நிஜக் கதவே உவமையின் கதவு. பூசை முடிந்து வெளியேறுகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். நடுராத்திரியில் 'இதோ மணமகன்' என்ற குரல் கேட்டு எல்லாரும் எழுந்த நொடியைப் பிடியுங்கள். ஒருத்தி திரியைத் தூண்டுகிறாள். எதிர்ப்பக்கம் ஒருத்தி விளக்கைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழுமா என்று உள்ளங்கையை நீட்டுகிறாள். அந்தக் கை சரியாக வந்துவிட்டால் படத்தின் பாதி வேலை முடிந்தது. முகமும் சேலையும் நம்மூராக இருக்கட்டும். விளக்கு மட்டும் அகலாகவே இருக்கட்டும், பெட்ரோமாக்ஸ் வேண்டாம்.

இனி சுவர். ஓதமும் உப்பும் சுவருக்குள் இருக்கின்றன. எனாமல் அதை மூடிவிட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல், உப்பு பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளியிருக்கிறது. ராத்திரி வானம் கருநீலம் என்பதால் வெள்ளை அங்கேதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்தால் ஓதம் சுவரிலிருந்தேதான் வருகிறது. பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும். மேலே மெல்லிய சுண்ணாம்பு மூன்று கை போதும். சுண்ணாம்புக்குள் ஈரம் போய்வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் நேராக வரையாதீர்கள். 8 மி.மீ. ஃபைபர் சிமெண்ட் போர்டு, எட்டுக்கு நான்கு அடி ஒன்று வாங்கி இரண்டாக வெட்டினால், பக்கத்துக்கு நாலடிச் சதுரம். ஆளுக்கு ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம் கிடைக்கும். வெட்டிய ஓரங்கள் உட்பட இருபுறமும் காரம் தாங்கும் பிரைமர் இரண்டு கை. அதன்மேல் அக்ரிலிக். வானத்துக்கு அல்ட்ராமரீன் நீலம் எடுங்கள். பிரஷியன் நீலம் சிமெண்டின் காரம் பட்டால் பழுப்பாகிவிடும். வார்னிஷ் மேட் வகையாக இருக்கட்டும், பளபளப்பு என்றால் எதிர் ஜன்னல் வெளிச்சத்தில் படமே தெரியாது.

மாட்டும்போது சுவருக்கும் போர்டுக்கும் இடையே ஓர் அங்குல பிவிசி குழாய்த் துண்டு வைத்துக் காற்று விடுங்கள். 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்க்ரூ மட்டும். 304கூடக் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி வைக்கும். கீழ்விளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடி. இல்லாவிட்டால் சாய்ந்து உட்காருகிறவர்களின் தலையெண்ணெய், எண்ணெய் கொண்டுவராத அறிவிலிகளின் விளக்கில் ஏறிவிடும்!

பங்குத்தந்தையிடம் பென்சில் படத்தை முன்பே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டு சுழற்சியில், முதல் ஆண்டின் பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு வாசகம் இந்த உவமை. திருவருகைக் காலம் தொடங்க அதிலிருந்து மூன்று வாரம்தான். அந்த ஞாயிற்றுக்கே மாட்டிவிடப் பாருங்கள்.