வெயில் வந்தப்புறமும் பையன் ஏன் பேச மாட்டேங்குறான்?

வணக்கம் அண்ணா, என் மகன் அண்டார்டிகாவுல நம்ம தென்னாப்பிரிக்காவோட சானே 4 ஆராய்ச்சி ஸ்டேஷன்ல டீசல் மெக்கானிக். ஜூன் மாச இருட்டுல கூட போன்ல நல்லா பேசினான். இப்போ அக்டோபர், வெயில் வந்தாச்சு, டிசம்பர்ல கேப் டவுன்ல இருந்து கப்பல் கிளம்பிடும், ஆனா நாலு வார்த்தை பேசிட்டு வச்சிடுறான். டர்பன் வந்ததும் ஹால் எடுத்து சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்கலாம்னு இருக்கோம். அவனுக்கு என்ன ஆச்சு?
ஒரு அம்மா, சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பயப்படாதீங்க, இது நிறைய பேருக்கு நடக்கிறது தான். அங்க மே மாசம் மறையுற சூரியன் ஜூலை கடைசியில, நம்ம ஊர்ல ஆடிக்கூழ் ஊத்துற நேரத்துல தான் எட்டிப் பாக்கும், அந்த இருட்டு தான் கஷ்டம்னு நாம நினைக்கிறோம். ஆனா இருட்டுல எல்லாரும் ஒண்ணா சேர்ந்து இருப்பாங்க, அங்க குளிர்காலத்தோட நடு நாளான ஜூன் 21 அன்னைக்கு எல்லா நாட்டு ஸ்டேஷனும் வாழ்த்து அனுப்பிக்கும், விருந்து நடக்கும். அதுக்கப்புறம் பாதி தாண்டியாச்சு ஆனா முடியலங்குற காலம் வருதே, அப்போ தான் பல பேருக்கு மனசு தளருது. 1991லயே பெக்டெல், பெர்னிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதிட்டாங்க. எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஜெர்மன்காரங்க அண்டார்டிகாவுல அவங்களோட நாய்மாயர் 3 ஸ்டேஷன்ல 14 மாசம் இருந்த 9 பேரோட மூளையை ஸ்கேன் பண்ணி 2019ல வெளியிட்டாங்க, ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ்ல ஒரு பகுதி சுருங்கி இருந்துச்சு, ஒரே வெள்ளை ஒரே முகங்கனு மாசக்கணக்கா இருந்தா உடம்பே மாறுது பாருங்க.

அவன் நாளை நினைச்சு பாருங்க. குடிக்க குளிக்க தண்ணி வேணும்னா வெளிய போய் மண்வெட்டியால ஸ்னோவை அள்ளி, அதை உருக்கி தண்ணியாக்குற ஸ்மெல்ட்டர் தொட்டியில கொட்டணும், டாக்டரா இருந்தாலும் மெக்கானிக்கா இருந்தாலும் முறை வந்தா போய்த்தான் ஆகணும், ராத்திரி புயல் அடிச்சிருந்தா முதல்ல அந்த தொட்டி மூடியையே தோண்டி எடுக்கணும். இப்படி சேர்ந்து வேலை செஞ்ச பத்து பேருக்கு நடுவுல பேச்சே தேவைப்படாது. திடீர்னு அகுல்ஹாஸ் 2 கப்பல்ல புது டீம் வந்து சத்தமா சிரிப்பாங்க, இவன் உக்கார்ற சேர்ல உக்காருவாங்க, கூடவே சளியும் கொண்டு வருவாங்க. அவ்வளவு நாள் காத்திருந்த நாள் தான், ஆனாலும் தன் வீட்டுக்குள்ள யாரோ புகுந்த மாதிரி இருக்கும்.

அதனால ஹாலை கேன்சல் பண்ணிடுங்கம்மா, இதை கெஞ்சியே கேக்குறேன். என் சித்தப்பா மகன், தெற்கு கடல்ல தனியா கிடக்குற மேரியன் தீவு ஸ்டேஷன்ல இருந்து வந்த வாரம் ஒரு கல்யாணத்துல சாப்பாட்டுக்கு முன்னாடியே எழுந்து போய் கார்ல உக்கார்ந்துட்டான். முதல் ரெண்டு வாரம் வீட்டு ஆளுங்க மட்டும் போதும், டின்னும் ஃப்ரீசரும் பார்த்த வாய்க்கு பச்சை கொத்தமல்லி, தக்காளி, நல்ல மாம்பழம் வாங்கி வைங்க, அடுத்து என்ன வேலை, எப்ப கல்யாணம்னு யாரும் ஆரம்பிக்க வேணாம். மாசம் தாண்டியும் தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

இப்போ போன்ல கேள்வி கேக்காதீங்க, நீங்க பேசுங்க, பக்கத்து வீட்டு நாய் கதை, கோயில் கதை எதுவானாலும் சரி, அவன் சும்மா "ம்"னு கேட்டுட்டு இருக்கட்டும்.