தூண்டிலும் தோட்டமும் ஊசியும்: வாசகர் கேள்வி – பதில்

அன்றாட வேலைகளிலும் பொழுதுபோக்குகளிலும் கிறிஸ்தவ விசுவாசமும் நன்றியுணர்வும் எப்படி வெளிப்படுகின்றன என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஜெபத்தின் முடிவில் சொல்லும் சொல்லோடு நன்றி நின்றுவிடக் கூடாது, பெற்றதை நாம் கையாளும் விதத்திலும் அது தெரிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான்கு பதில்களும் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்ற பிறகு விடிவதற்கு முன்பே தூண்டிலை எடுத்துக்கொண்டு பிளஃப் கடற்கரைக்குப் போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். ஆலயத்துக்குக் கூப்பிட்டால், “அலைக்கு முன்னால் நிற்கும்போது கர்த்தருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது, பெஞ்சில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது” என்கிறார். நான் சண்டை போடுவதா, விட்டுவிடுவதா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சகோதரி, உங்கள் கணவர் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட வேண்டாம். கப்பலேறிக் கடலில் தொழில் செய்கிறவர்கள் கர்த்தருடைய கிரியைகளையும், ஆழத்திலே அவருடைய அதிசயங்களையும் காண்கிறார்கள் என்று 107ஆம் சங்கீதம் சொல்கிறது. விடியற்காலையில் இந்தியப் பெருங்கடலுக்கு முன்னால் நின்று ஒருவர் நன்றி சொல்கிறார் என்றால், அந்த நன்றியைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே சங்கீதம் அந்தக் கடலோடிகளைக் கடலிலேயே விட்டுவிடவில்லை. புயலில் தத்தளித்து, ஆபத்திலே கூப்பிட்டு, நாடிய துறைமுகம் வந்து சேர்ந்தவர்கள், ஜனங்களின் சபையிலே அவரை உயர்த்தி, மூப்பர்கள் கூடியிருக்கும் இடத்தில் அவரைப் போற்ற வேண்டும் என்று அந்தப் பகுதி முடிகிறது. கடலில் கண்டதைச் சபையில் சொல்ல ஆள் வேண்டும். ஆகவே “சபை உங்களுக்குத் தேவை” என்று அவரிடம் வாதாடுவதைவிட, “நீங்கள் கண்டதைக் கேட்கச் சபைக்கு நீங்கள் தேவை” என்று சொல்லிப் பாருங்கள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவரைச் சாட்சி சொல்லக் கேட்டுக்கொள்வது நல்ல தொடக்கமாக இருக்கும். ஆராதனையில் தூக்கம் வருகிறது என்ற குறையையும் போதகர் காதுக்குக் கொண்டுபோங்கள், ஏனென்றால் அது சொல்லப்பட வேண்டிய குறைதான்.

இனி, தூண்டில் பிடிக்கும் நன்றிக்கு வருகிறேன். குளிர்காலத்தில் நம் கரையோரம் வரும் ஷாட் மீனை ஒருவர் ஒரு நாளைக்கு 4 மட்டுமே வைத்துக்கொள்ளலாம், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும், அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கவே கூடாது என்பது சட்டம். வசந்த காலத்தில் அந்த மீன்கள் நம் கடலோரத்தில்தான் முட்டையிடுகின்றன என்பதே அந்தத் தடைக்குக் காரணம். பார்க்க ஒருவரும் இல்லாத இருட்டில், ஐந்தாவதாகத் தூண்டிலில் மாட்டிய கொழுத்த மீனைக் கழற்றித் தண்ணீரில் விடுகிற மனிதர், உதட்டால் சொல்லும் ஸ்தோத்திரத்துக்குச் சமமான ஒன்றைக் கையால் செய்கிறார். அடுத்த ஆண்டும் மீன் வரும், அது தனக்கு மட்டும் உரியதல்ல என்று அவர் நம்புகிறார் அல்லவா? பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகையால் வீட்டுக்கு மிஞ்சியது பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதிலும் தூண்டில் பிடிக்க ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு முதலில் போகட்டும்.

யோவான் 21ஆம் அதிகாரத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். “மீன்பிடிக்கப்போகிறேன்” என்று பேதுரு கிளம்பியதையும், இராமுழுவதும் ஒன்றும் அகப்படாததையும், விடியற்காலையில் கரையில் நின்றவரின் சொற்படி வலை போட்டபோது 153 பெரிய மீன்கள் சிக்கியதையும் நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அதற்கு நடுவே வரும் சிறிய காட்சியை. சீஷர்கள் கரையேறும்போது கரிநெருப்பின்மேல் மீனும், பக்கத்தில் அப்பமும் ஏற்கெனவே இருந்தன. தமக்கு வேண்டியது எல்லாம் ஆயத்தமாக இருந்தும், “இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்” என்று இயேசு கேட்டார். அவர்களுடைய உழைப்பையும் அந்த உணவில் சேர்த்துக்கொள்ள அவர் விரும்பினார். உங்கள் கணவருடைய மீனையும் அவர் அப்படித்தான் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷாட் மீன் விடியலில் நன்றாகக் கடிக்கும் என்பதால், ஆராதனை காலை 9 மணிக்கு என்றால் அவர் வந்து குளித்துவிட்டு உங்களோடு புறப்பட நேரம் இருக்கிறது. சண்டைக்கு அவசியமே இல்லை.

கேள்வி: 2022 வெள்ளத்தில் எங்கள் வீட்டுப் பின்புறச் சுவர் இடிந்து, 20 ஆண்டுகளாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம் மண்ணோடு போய்விட்டது. உயிர் தப்பியதற்கு நன்றி சொல், எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய் என்று எல்லோரும் சொன்னார்கள். இன்றுவரை என்னால் முடியவில்லை. என் விசுவாசம் குறைவுள்ளதா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை, அம்மா. லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. சில வசனங்களுக்குப் பிறகு, அதே கல்லறைக்கு முன்னால் அவர் பிதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறார். கண்ணீரை அடக்கிக்கொண்டு நன்றி சொல்லும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. “அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்” கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடிய ஆபகூக்கின் புத்தகம், எதுவரைக்கும் நான் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது. முறையிடுவதற்கு இடம் கொடுக்காமல் கடைசிப் பாட்டை மட்டும் பாடச் சொல்வது இரக்கமில்லாத செயல். உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் அவர்கள் மண்வெட்டியோடு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் இறக்க நாம் பிழைத்தோம் என்பதற்காக நன்றி சொல்வது பலருக்குத் தொண்டையில் சிக்குகிறது, உங்களுக்கும் அப்படி இருக்கலாம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

நம் முன்னோருடைய நினைவு ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனில் வந்திறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த பிறகு ஆற்றோரத் தாழ்நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்ட் தாழ்நிலத்தில் குடியிருந்த அந்தத் தோட்டக்காரக் குடும்பங்களை அடித்துச் சென்றது. அப்போது, பின்னாளில் ‘படவட்டன் அறுவர்’ என்று பெயர் பெற்ற ஆறு மீனவர்கள், கடலில் வலை போடும் தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கி, மீண்டும் மீண்டும் போய்வந்து 170க்கும் மேற்பட்டோரைக் கரைசேர்த்தார்கள். கரைசேர்ந்தவர்களிலும் உறவினரை இழந்தவர்கள் இருந்திருப்பார்கள், நிலம் இழந்தவர்கள் நிச்சயம் இருந்தார்கள். அவர்கள் வெள்ளத்துக்காக நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். படகோடு வந்த கைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கும் அந்த வாரத்தில் யாரோ ஒருவர் தண்ணீர்க் குடம் கொடுத்திருப்பார், யாரோ ஒருவர் படுக்க இடம் கொடுத்திருப்பார். அந்த ஒருவருக்காக மட்டும் இன்று ஜெபியுங்கள். மற்றது வரும்போது வரட்டும்.

தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து முளைக்கும் கன்று எந்த வீட்டிலாவது இருக்கும். சுவர் கட்டி முடியும்வரை தரையில் நட வேண்டாம். வெயில் காலம் தொடங்கும்போது அந்தக் கன்றை வேரோடு பிரித்துத் தொட்டியில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொத்துமல்லி விதைத்தால் நம் குளிர்காலம் முழுவதும் பறிக்கலாம், கோடையில் விதைத்தால் அது சீக்கிரம் பூத்துவிடும். விசுவாசம் திரும்பிய பிறகு தோட்டம் போடலாம் என்று காத்திருக்காதீர்கள். மண்ணில் கை வைத்த பிறகு நன்றி திரும்பியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தினமும் ஐந்து நன்றிகளை நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது ‘குடும்பம், உணவு, ஆரோக்கியம்’ என்று அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன். நிறுத்திவிடலாமா?
– ஒரு மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தாராளமாக நிறுத்தலாம், தம்பி. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது யோசுவா எடுக்கச் சொன்ன பன்னிரண்டு கற்களும் ஒரே ஒரு நாளுக்கான அடையாளம். “இந்தக் கற்கள் எதற்கு?” என்று பிள்ளைகள் பின்னாளில் கேட்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். வாரத்துக்கு ஒன்று எழுதினாலும் போதும், ஆனால் நாளை உங்கள் தங்கை படித்துவிட்டு “இது என்ன?” என்று கேட்கும்படி குறிப்பாக எழுதுங்கள். ‘உணவு’ என்று எழுதுவதற்குப் பதிலாக, யார், எந்த நாளில், எதைச் சமைத்துக் கொடுத்தார் என்று எழுதுங்கள். பிறகு, சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்தானே, அவனைப் போல, எழுதியதை அந்த ஆளிடமே போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சிறுவயதிலிருந்தே தையலில் ஆசை. துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பேன். “தாலந்தைக் கர்த்தருக்குப் பயன்படுத்து” என்று சொல்லி, பாடகர் குழு அங்கி, பீடத் துணி, விற்பனைச் சந்தைக்குப் பைகள் என்று எல்லாவற்றையும் என்னிடமே கொடுக்கிறார்கள். இப்போது தையல் இயந்திரத்தைப் பார்த்தாலே சோர்வாக இருக்கிறது. மறுத்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேனோ என்று பயப்படுகிறேன்.
– ஒரு வாசகி, மெரிபேங்க்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், படித்து வருந்தினேன். கைத்தொழிலை வேதம் மிக உயர்வாகப் பேசுகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காக, கைவினைஞனான பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். யோப்பா பட்டணத்துத் தொற்காள் இறந்தபோது, விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களோடு இருந்த நாளில் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். உங்கள் சபையார் இந்த இரண்டையும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஆனால் பெசலெயேல் தனியாக வேலை செய்யவில்லை என்பதைச் சொல்ல மறந்திருக்கலாம். அகோலியாபையும் ஞான இருதயமுள்ள மற்றவர்களையும் கர்த்தர் அவனோடு சேர்த்துக் கொடுத்தார். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வரத்தையும் கொடுத்தார்.

இன்னொன்றையும் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பயன் தரும் ஊழியமாக மாறினால்தான் ஒரு பொழுதுபோக்குக் கர்த்தருக்கு ஏற்றதாகும் என்பது வேதத்தின் போதனை அல்ல. 104ஆம் சங்கீதம் கடலைப் பற்றிப் பேசும்போது, அதிலே கப்பல்கள் ஓடுகின்றன என்று தொழிலைச் சொல்லிவிட்டு, உடனே, அதிலே விளையாடும்படி உண்டாக்கப்பட்ட லிவியாதான் என்னும் பெரிய கடல் உயிரும் உண்டு என்று சொல்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை பிளஃப் மேட்டில் நின்று பார்த்தால், கூன்முதுகுத் திமிங்கலங்கள் தண்ணீரை விட்டு எழும்பி விழுவதைக் காணலாம். அதே பிளஃபில் 1975 வரை திமிங்கலங்களை அறுக்கும் தொழிற்சாலை நடந்தது, அங்கே ஒரு திமிங்கலத்தின் மதிப்பு அதிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் இறைச்சியையும் வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. படைத்தவருடைய கணக்கோ வேறு, அது விளையாடுவதே அவருக்குப் பிரியம். நீங்கள் மாலையில் உட்கார்ந்து, யாருக்கும் தேவைப்படாத ஒரு நிறப் பொருத்தத்துக்காகத் துணிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து மகிழ்வதும் அந்தப் பிரியத்துக்குள் அடங்கும். அந்த மகிழ்ச்சியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சும் அங்கிகளில் நன்றி இருக்காது, கடமை மட்டுமே இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கையில் இருக்கும் பாடகர் அங்கிகளை முடித்துக் கொடுங்கள், ஒப்புக்கொண்டதைப் பாதியில் விட வேண்டாம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு எத்தனை உருப்படி தைக்க முடியும் என்று நீங்களே தீர்மானித்து, சபைச் செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால், சனிக்கிழமை பிற்பகலில் தையல் கற்றுக்கொள்ள இரண்டு இளம் பெண்களை அனுப்பும்படி கேளுங்கள். பீடத் துணியின் ஓரத்தை மடித்துத் தைக்க அவர்கள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். பாதியில் நின்றுபோன போர்வையை இந்த வாரமே வெளியே எடுங்கள். அது யாருக்கு என்று எவராவது கேட்டால், என் கட்டிலுக்குத்தான் என்று சொல்லுங்கள்.